தத்தெடுத்த தத்தை

தமிழர் வாழ்வில் பறவைகள் பல இடம்பெற்றுள்ளன. மயில் முருகனுக்கு ஊர்தியாயிற்று. சேவல் அவன் கொடியில் அமர்ந்தது. அன்னமும் நாரையும் புலவர்தம் பாட்டில் தூது சென்றன. ஆயினும், வீட்டினுள் அழைக்கப்பெற்று, பெயர் சூட்டப்பெற்று, மொழி பயிற்றப்பெற்று, குடும்பத்தாருள் ஒருவராக எண்ணப்பெற்ற வகையில் கிளிக்கு ஒப்பான பறவை வேறில்லை எனலாம். கிள்ளை, தத்தை, சுகம் எனப் பல பெயர்களால் அதனை அழைத்து மகிழ்ந்தனர் நம் முன்னோர். பறப்பனவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களை வகுத்துரைக்கின்றது தொல்காப்பிய மரபியல். அவற்றுள் பிள்ளை என்னும் சொல் கிளியோடு ஒட்டிக்கொண்டு, கிளிப்பிள்ளை என்று இன்றளவும் வழக்கில் நிலவுகின்றது.

பிள்ளை என்று அழைத்தோம், பிள்ளையாக நடத்தினோமா? இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை. இலக்கியத்தில் கிளியின் சிறப்பை எடுத்துரைத்தோர் பலர். கூண்டுக்குள் இருந்த அந்தப் பறவையின் வரலாற்றை, அதிலும் குறிப்பாக மலாயாத் தோட்டப்புறத் தமிழர் வாழ்வோடு அது பின்னிப் பிணைந்த வரலாற்றை, எண்ணிப் பார்த்தோர் சிலரே. நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களை நெஞ்சில் நிறுத்தி அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

தினைப்புனமும் இல்லமும்

சங்க இலக்கியத்தில் இருவகைக் கிளிகளைக் காண்கிறோம். ஒன்று, குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தில் கதிர் கவர வரும் கிளி. அதனை ஓட்டுதற்குத் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளோடு தலைவி புனங்காவலுக்குச் செல்வதைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு விரித்துரைக்கின்றது. கிளி பயிருக்குப் பகைதான். எனினும், அக்கருவிகள் ஓசையெழுப்பி அச்சுறுத்துவன. வலைவீசிப் பிடிப்பனவோ கொல்வனவோ அல்ல. ஐங்குறுநூற்றில் கிள்ளைப்பத்து என ஒரு பகுதியே உண்டு. தலைவியைப் புனங்காவலுக்கு வரச்செய்து காதலர் சந்திப்புக்கு வழிவகுத்தமைக்காகக் கிளிகள் நெடுங்காலம் வாழ்க என்று அங்கே வாழ்த்தப்பெறுகின்றன. தன் விளைச்சலைத் தின்ன வந்த பறவையை வாழ்த்தும் உள்ளம் அன்றைய தமிழனுக்கு இருந்தது.

மற்றொன்று இல்லத்துக் கிளி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அந்தணர் வாழும் ஊரில் மறையோசையைப் பயிலும் கிளி பேசப்படுகின்றது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கிளியை வீட்டில் வைத்துப் பேசப் பழக்கும் வழக்கம் இருந்தமைக்கு இது சான்றாகும். அதற்கும் முற்பட்ட காலத்தில், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியளவில், பாரசீக அரண்மனையில் மருத்துவராக இருந்த டெசியாசு என்னும் கிரேக்கர், இந்திய நாட்டில் மனிதரைப் போல் பேசும் பறவை ஒன்று உண்டென்றும், கிரேக்கம் கற்பித்தால் கிரேக்கமும் பேசும் என்றும் வியந்து எழுதிவைத்தார்.

பிற்காலத்தில் கிளி தெய்வத்தின் கைக்கே சென்று சேர்ந்தது. மதுரை மீனாட்சியின் கையில் கிளி. திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் தோளருகே கிளி. அருணகிரிநாதர் கிளியுருக் கொண்டார் என்னும் நம்பிக்கையால் திருவண்ணாமலையில் ஒரு கோபுரம் கிளிக்கோபுரம் என்றே பெயர் பெற்றது. மதுரைக் கோயிலில் கிளிக்கூண்டு மண்டபம் என ஒன்று உள்ளது. முற்காலத்தில் அங்கே கூண்டுகளில் கிளிகள் வளர்க்கப்பெற்றமையின் அப்பெயர் அமைந்தது. திருவில்லிபுத்தூரிலோ வழக்கம் வேறு. ஆண்டாளுக்குரிய கிளி நாள்தோறும் மரவள்ளி இலை, மாதுளம்பூ முதலியவற்றால் புதிதாகச் செய்யப்பெறுகின்றது. கூண்டும் இல்லை, சிறகு நறுக்கலும் இல்லை, பறவைக்குத் துன்பமும் இல்லை. கிளியின்மேல் கொண்ட அன்பைக் கிளியைச் சிறைப்படுத்தாமலே காட்ட இயலும் என்பதற்கு அக்கோயில் வழக்கத்தை ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

மலாயாக் காட்டில் கிளி

இனி, இந்நாட்டுக்கு வருவோம். மலாயத் தீவக்குறையின் காடுகளுக்கெனத் தனிக்கிளிகள் உண்டு. அவற்றுள் குறிப்பிடத்தக்கவை இரண்டு. ஒன்று, மலாய் மொழியில் பாயான் நூரி எனப்படும் நெடுவாற்கிளி. பச்சை உடலும், சிவந்த கன்னமும், நீண்ட வாலும் உடையது. கூட்டங்கூட்டமாகப் பறப்பது. மற்றொன்று, செரிண்டிட் எனப்படும் சிறு கிளி. மிகச் சிறிய உருவம். இரவில் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கியவாறு உறங்கும் இயல்பு. தமிழகத்தில் நாம் பச்சைக்கிளி என்று அழைப்பது, ஆணின் கழுத்தில் சிவந்த ஆரம் போன்ற வளையம் உடைய செந்தார்ப் பைங்கிளி. அது இந்திய, ஆப்பிரிக்க நிலங்களுக்கு உரியது. இந்நாட்டுக் காட்டில் தோன்றியதன்று. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இது நமக்குப் பெரிதும் தேவைப்படும்.

கிளிகளுட் பெரும்பாலானவை குருவி, காக்கை போல் கூடு கட்டுவன அல்ல. முதிர்ந்த மரத்தின் பொந்தே அவற்றுக்கு வீடு. மரம் முதிர வேண்டும். கிளை ஒடிந்த இடம் உளுத்துப்போக வேண்டும். மரங்கொத்தி துளையிட வேண்டும். இவ்வாறு பல்லாண்டு கழிந்தபின்னரே ஒரு பொந்து உருவாகின்றது. ஆகவே, பழைய மரம் ஒன்று சாய்ந்தால் கிளிக்குடும்பம் ஒன்றின் பரம்பரை வீடு சாய்ந்தது என்றே கொள்ளல் வேண்டும்.

1877ஆம் ஆண்டில் இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் கொண்டுவரப்பட்டன. அடுத்த ஐம்பது ஆண்டுகளுள் மலாயாவின் மேற்குக் கரையோரக் காடுகள் அழிக்கப்பட்டுப் பால்மரத் தோட்டங்கள் எழுந்தன. நெகிரி செம்பிலானில் சிரம்பான், லாபு, ரந்தாவ், லிங்கி, போர்ட்டிக்சன், பகாவ், கெமிஞ்சே, தம்பின் ஆகிய வட்டாரங்களெல்லாம் தோட்டங்களாயின. கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் தம் உழைப்பை உரமாக்கி அவற்றை வளர்த்தனர். கேர்பி, பிராட்வால், சுவா பெத்தோங், லின்சம், ரீஜண்ட், கெடிஸ் முதலிய தோட்டப் பெயர்கள் நம் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாகவும் வழங்கி வருவதை ஆசிரியர் அனைவரும் அறிவர்.

காட்டை அழித்தபோது கிளியின் பொந்துகளும் அழிந்தன. பால்மரமோ இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் வெட்டப்பட்டு மறுநடவு செய்யப்படுவது. பொந்து தோன்றும்வரை அதனை யாரும் விட்டுவைப்பதில்லை. ஆற்றோரத்திலும் தோட்ட எல்லையிலும் எஞ்சி நின்ற பட்ட மரங்களே கிளிகளுக்குப் புகலிடமாயின. அம்மரங்களின்மீதுதான் மனிதரின் கண்ணும் விழுந்தது.

லயத்து வாசலில்

மரமேறத் தெரிந்த இளைஞர் பொந்தினுள் கையை விட்டுக் குஞ்சுகளை எடுப்பதும், அவற்றை லயத்துக்குக் கொண்டுவந்து பிசைந்த சோறும் வாழைப்பழமும் ஊட்டி வளர்ப்பதும் தோட்டப்புறங்களில் அறியாத செய்தியன்று. சில குஞ்சுகள் பிழைத்தன; பல மடிந்தன. பிழைத்தவை வாசல் தாழ்வாரத்தில் தொங்கும் கம்பிக்கூண்டில் குடியேறின. பறந்துவிடாதிருக்கச் சிறகுகள் கத்தரிக்கப்பட்டன. வசம்பு தேய்த்தால் நா திருந்தும் என்னும் நம்பிக்கையும் வழக்கில் இருந்தது. உண்மையில் கிளியின் பேச்சு நாவினால் மட்டும் பிறப்பதன்று. மூச்சுக்குழாயின் அடியில் அமைந்த ஒலியுறுப்பினால் பிறப்பது.

அத்தொழிலாளர்களைக் கொடியவர் என்று கூறுதல் பொருந்தாது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நாள்முழுதும் பால்வெட்டி, மாலையில் ஓரறை வீட்டுக்குத் திரும்பிய மக்கள் அவர்கள். சொந்த ஊர் கடலுக்கு அப்பால் இருந்தது. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் செல்லுதலைத் தடைசெய்தபின், புதிதாக வந்து ஊர்ச்செய்தி சொல்வாரும் அருகினர். அந்நிலையில், வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று தமிழில் வரவேற்ற ஒரு சிற்றுயிர் அவர்களுக்கு எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும்! துரையின் அதட்டலும் கிராணியின் கணக்கும் கேட்டுச் சலித்த காதுக்கு அது உறவின் குரலாக ஒலித்தது. கூலிக்கெனப் பிறந்த மண்ணினின்றும் பெயர்க்கப்பட்டவன், பொந்தினின்றும் பெயர்க்கப்பட்ட பறவையைத் தன் பிள்ளையாகக் கொண்டான். இருவரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டனர். எனினும், அவன் துன்பத்துக்கு அவன் காரணமல்லன். பறவையின் துன்பத்துக்கோ அவன் கையே காரணமாயிற்று. இவ்வுண்மையையும் வரலாறு மறைத்தல் ஆகாது.

தோட்டத் திருவிழாக்களிலும் நகரத்துக் கடைவீதிகளிலும் கிளிச்சோதிடர்கள் அமர்ந்தனர். கூண்டைத் திறந்ததும் வெளிவந்து ஏடொன்றை எடுத்துக் கொடுத்து, நெல்மணி ஒன்றைப் பெற்றுக்கொண்டு தானே கூண்டுக்குள் திரும்பும் கிளியைக் கண்டு வியவாதார் இல்லை. அண்மைக் காலத்தில் இக்கலை உலகப்புகழ் பெற்ற நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2010ஆம் ஆண்டு உலகக்கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது, சிங்கப்பூரில் தமிழ்ச் சோதிடர் ஒருவரிடம் இருந்த மணி என்னும் கிளி, காலிறுதியாட்டங்களில் வென்ற அணிகளை முன்னரே எடுத்துக்காட்டியதாக உலகச் செய்தித்தாள்கள் எழுதின. இறுதியாட்டத்தில் அது நெதர்லாந்தைக் காட்டிற்று, வென்றது ஸ்பெயின். அக்கிளியின் வாக்கைக் கேட்க உலகம் ஆவலுற்றது. அதன் வாழ்வைப் பற்றிக் கேட்டோர் எத்துணையர்?

தோட்டம் கலைந்தபோது

கிளியின் வரலாற்றில் துயரமான பகுதி இனிமேல்தான் தொடங்குகின்றது. நன்கு பேணப்படும் கிளி இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் வாழக்கூடியது. பெரிய இனங்கள் அதனினும் மிகுதியாக வாழும். தோட்ட வாழ்க்கையோ அத்துணை நிலையுடையதாக இல்லை.

1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் விளைவாக, 1969ஆம் ஆண்டு முதல் குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய உரிமம் பெறவேண்டியதாயிற்று. உரிமம் கிட்டாமல் பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திரும்பினர். பெட்டியும் படுக்கையும் சுமந்து கப்பலேறியவர்கள் கூண்டையும் சுமந்து சென்றிருப்பர் என்று எண்ண இடமில்லை. அண்டை வீட்டாரிடம் ஒப்படைக்கப்பட்டனவும், கதவு திறந்து விடப்பட்டனவும் எத்தனையோ, கணக்கெடுத்தார் யாருமிலர்.

பின்னர், பால்மரத்தின் இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது. செம்பனை கிளிக்கு ஒருவகையில் விருந்தளித்தது எனலாம். நெடுவாற்கிளிகள் செம்பனைப் பழத்தின் சதையை விரும்பி உண்பன. ஆயினும், அம்மரம் உணவு தருமேயன்றிப் பொந்து தாராது. உண்ண உண்டு, ஈன்று வளர்க்க இடமில்லை என்னும் நிலை உருவாயிற்று. இந்நெடுவாற்கிளி இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழிவுக்கு ஆளாகக்கூடிய இனங்களுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது.

அதனைத் தொடர்ந்து தோட்டங்களே மறையலாயின. 1998ஆம் ஆண்டில் சிப்பாங்கில் புதிய அனைத்துலக வானூர்தி நிலையம் திறக்கப்பட்டது. அதனை அடுத்துள்ள நீலாய், லாபு, செண்டாயான் பகுதிகளில் தோட்டநிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவந்துள்ளன. லயத்து முற்றத்தில் மாமரமும் முருங்கையும் வைத்திருந்த குடும்பங்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. முற்றத்துக் காற்றில் ஆடிய கூண்டு, துணி காயும் மாடத்தின் மூலைக்குப் போயிற்று. கிளியின் கூவல் அண்டை வீட்டாருக்கு இடையூறாயிற்று. வளர்த்த பாட்டி மறைந்தபின் அதனோடு பேசுவாரும் இல்லை. ஒருகாலத்தில் குடும்பத்தின் பிள்ளையாக இருந்தது இப்பொழுது சுமையாயிற்று.

இக்காலத்தில் நகரத்துக் கடைகளில் விற்பனையாகும் கிளிகள் வேறு. தென்னமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆத்திரேலியாவிலும் தோன்றிய இனங்கள் கூண்டுகளில் இனப்பெருக்கம் செய்யப்பட்டு விலைக்கு வருகின்றன. பொன்னிறமும் செந்நிறமும் கலந்த அவற்றைக் கண்டதும் குழந்தைகள் கேட்கின்றனர். பெற்றோரும் வாங்கித் தருகின்றனர். ஓராண்டில் ஆர்வம் தணிகின்றது. கிளியோ இன்னும் முப்பதாண்டு வாழக் காத்திருக்கின்றது. பெயரும் நிறமும் மாறினவேயன்றிக் கைவிடப்படும் வரலாறு மாறவில்லை.

சட்டம் வந்த வழி

மனிதரின் மனச்சான்று விழித்த வரலாற்றையும் காண்போம். 1972ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில்தான் மலேசியாவிலும் இந்தியாவிலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பெற்றன. அழிவுக்கு ஆளாகும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக உடன்படிக்கை 1973ஆம் ஆண்டில் வாசிங்டனில் கையெழுத்தாகி, 1975ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தது. மலேசியா 1977ஆம் ஆண்டில் அதில் இணைந்தது. 1981ஆம் ஆண்டில், மிகச்சில இனங்கள் நீங்கலாக, உலகின் கிளியினங்கள் அனைத்தும் அவ்வுடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. ஆப்பிரிக்கச் சாம்பற்கிளியின் வாணிகத்துக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடு 2016ஆம் ஆண்டு மாநாட்டில் முடிவாயிற்று.

இந்தியாவில் 1990, 1991ஆம் ஆண்டுகளில் நாட்டுப் பறவைகளின் வாணிகம் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதும் அங்குக் குற்றம். ஆனால், அதனை அறியாதாரும், அறிந்தும் பொருட்படுத்தாதாரும் பலர் இருந்தனர். 2023ஆம் ஆண்டில் மதுரை வட்டாரத்தில், வீடுகளில் உள்ள கிளிகளை ஒப்படைக்குமாறு வனத்துறை அறிவித்தது. மக்கள் பலர் கூண்டுகளோடு வந்து ஒப்படைத்தனர். மீனாட்சியின் நகரத்திலேயே இந்நிகழ்ச்சி நடைபெற்றமை நம் சிந்தனைக்குரியது.

மலேசியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுக்கிளியைப் பிடித்தலும், பாதுகாக்கப்பட்ட இனத்தை உரிமமின்றி வைத்திருத்தலும் இதன்படி தண்டனைக்குரியன. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை இதனைச் செயற்படுத்துகின்றது. பறிமுதல் செய்யப்பட்டும் மீட்கப்பட்டும் வரும் விலங்குகளுக்கெனப் பேராக் மாநிலத்துச் சுங்கையில் அத்துறை ஒரு தேசிய மீட்பு மையத்தையும் நடத்திவருகின்றது. மேலும், 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம், விலங்கை வைத்திருப்பவர் அதற்குத் தக்க இருப்பிடம், தக்க உணவு, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, நோயினின்றும் நோவினின்றும் காப்பு ஆகியவற்றை அளித்தல் கடமை என்று வகுத்துள்ளது. கூண்டில் வைத்துச் சோறு போட்டால் போதும் என்னும் பழைய எண்ணத்துக்குச் சட்டத்திலும் இடமில்லை என்பது இதனாற் போதரும்.

கிளிப்பிள்ளையின் அறிவு

ஆசிரியர்களாகிய நாம் பொருளுணராது ஒப்பிக்கும் மாணவனைக் கிளிப்பிள்ளை என்று கடிந்துகொள்கிறோம். இவ்வுவமை கிளிக்குச் செய்யும் அநீதி என்பதை அறிவியல் காட்டியுள்ளது. ஐரின் பெப்பர்பெர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1977ஆம் ஆண்டில் கடையொன்றில் ஒரு சாம்பற்கிளியை வாங்கினார். அலெக்ஸ் எனப் பெயரிடப்பட்ட அக்கிளி முப்பதாண்டுக் காலம் அவரிடம் பயின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களை அறிந்திருந்தது, நிறத்தையும் வடிவத்தையும் வேறுபடுத்திக் கூறிற்று, ஆறுவரை எண்ணிற்று. 2007ஆம் ஆண்டில் அது இறந்தபோது உலகச் செய்தித்தாள்கள் இரங்கல் எழுதின.

அத்தகைய அறிவுடைய உயிரைத் தனிக்கூண்டில், பேச்சுத்துணையின்றி, ஆண்டுக்கணக்கில் வைத்தால் என்னாகும்? கிளி தன் இறகைத் தானே பிடுங்கத் தொடங்கும்; இடைவிடாது கத்தும்; கூண்டுக்குள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும். இவை குறும்பல்ல, துயரத்தின் மொழி. கூட்டமாக வாழப் பிறந்த பறவைக்குத் தனிமை ஒரு நோய்.

தத்தெடுப்போர் கடமை

தத்தை வேறு, தத்து வேறு. ஒலியால் நெருங்கினும் பொருளால் வேறுபட்ட சொற்கள் அவை. ஆயினும், கைவிடப்பட்ட கிளிகள் மிகுந்துவரும் இந்நாளில் அவ்விரு சொற்களையும் இணைத்து எண்ண வேண்டிய தேவை நேர்ந்துள்ளது. புதிய கிளியை விலைக்கு வாங்குதல் வாணிகத்தை வளர்க்கும். முன்னரே கூண்டில் வாழ்ந்து ஆதரவிழந்த கிளியை ஏற்றுப் பேணுதல் அறத்தை வளர்க்கும்.

கூண்டைத் திறந்து பறக்கவிடுவதே உயர்ந்த அறம் என்று சிலர் கருதுவர். கேட்பதற்கு இனிதாயினும் அது பெரும்பாலும் அப்பறவைக்குச் சாவாகவே முடியும். சிறுமை முதல் மனிதர் கையில் உண்டு வளர்ந்த கிளிக்கு இரை தேடவோ பருந்தை அறியவோ தெரியாது. மேலும், முன்னர்க் குறிப்பிட்டவாறு, செந்தார்ப் பைங்கிளியும் தென்னமெரிக்கக் கிளிகளும் இந்நாட்டுக்கு உரியனவல்ல. அவற்றை வெளியே விட்டால் இங்குள்ள நெடுவாற்கிளியின் எஞ்சிய பொந்துகளுக்கும் போட்டி தோன்றும். சிங்கப்பூரில் அவ்வாறு குடியேறிய வேற்றினக் கிளிகளால் உள்நாட்டுக் கிளிக்கு இத்தகைய இடர் நேர்ந்துள்ளது. திறந்துவிடும் முடிவைப் பயிற்சி பெற்ற துறையினரே எடுத்தல் வேண்டும்.

ஆகவே, கிளியொன்று வழிதவறி நம் வாசலுக்கு வந்தால், முதலில் அதனை இழந்தவர் அண்டையில் உளரா என்று வினவுதல் வேண்டும். யாரும் இலரெனில், சிரம்பானில் உள்ள பெர்ஹிலித்தான் மாநில அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஒப்படைப்பதா, உரிமம் பெற்றுப் பேணுவதா என்பதைக் கேட்டறிதல் வேண்டும். அடுத்து, பறவைகளை அறிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். கிளியினின்றும் மனிதருக்குப் பரவும் நுரையீரல் நோய் ஒன்று உண்டு. 1929, 1930ஆம் ஆண்டுகளில் தென்னமெரிக்காவினின்றும் ஏற்றுமதியான கிளிகளால் அந்நோய் பல நாடுகளில் பரவி உயிர்களைக் கவர்ந்தது. அதனால், வேறு பறவை உள்ள வீட்டில் புதிதாக வந்ததைத் தனியறையில் வைத்துப் பார்த்தபின்னரே சேர்த்தல் முறை.

கூண்டு, இரு சிறகையும் முழுதும் விரித்து அடித்துக்கொள்ளத்தக்க அகலமுடையதாக இருத்தல் வேண்டும். ஒரே பருமனுள்ள வழவழப்பான கோலில் நாள்முழுதும் நின்றால் காலடி புண்ணாகும். ஆதலால், கொய்யா போன்ற மரங்களின் கிளைகளை வெவ்வேறு பருமனில் வைத்தல் நலம். சூரியகாந்தி விதையை மட்டும் கொடுத்து வளர்ப்போர் பலர். அது கொழுப்பு மிகுந்தது, ஊட்டம் குறைந்தது. கீரை, காய்கறி, பழம், முளைகட்டிய பயறு ஆகியவை நாள்தோறும் வேண்டும். அவகாடோப் பழம், சாக்லேட், உப்பிட்ட பண்டம் ஆகியன கிளிக்கு நஞ்சு. ஒட்டாத பூச்சுள்ள வாணலி அளவுக்குமீறிக் காய்ந்தால் எழும் ஆவி, சில நிமிடங்களில் பறவையைக் கொல்லும். கிளிக்கூண்டை அடுக்களையில் வைத்தல் கூடாது. இளவெயிலும் குளிக்க நீரும் கடித்து விளையாட மரத்துண்டும் நாள்தோறும் வேண்டுவன.

இவை அனைத்தினும் மேலானது பொறுமை. கைவிடப்பட்ட கிளி மனிதரின் கையை அஞ்சும், கடிக்கும். அது பகையன்று, அச்சம். கூண்டருகே அமர்ந்து மெல்லிய குரலில் பேசி, பழத்துண்டை நீட்டி, அது தானே அணுகும்வரை காத்திருத்தல் வேண்டும். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். வகுப்பின் கடைசி வரிசையில் பேசாது அமர்ந்திருக்கும் மாணவனை ஆசிரியர் அணுகும் முறைதான் இதற்கும் முறை. அது பேசவேண்டும் என்று வற்புறுத்துதல் ஆகாது. பேசாத கிளியும் பிள்ளையே. இறுதியாக, நமக்குப்பின் அதனைப் பேணுவார் யார் என்பதையும் முன்னரே முடிவு செய்தல் வேண்டும். ஐம்பது அகவையைக் கடந்தோர் இளங்கிளியை ஏற்பின் இக்கேள்வி தவிர்க்க இயலாதது.

வளர்க்க வாய்ப்பில்லாதார் என் செய்வது? சென்னை இராயப்பேட்டையில் புகைப்படக்கருவி பழுதுபார்க்கும் தொழிலாளர் ஒருவர், தம் வீட்டு மாடியில் நாள்தோறும் சோறு வைத்து ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகளுக்கு உணவளித்து வந்தார். அவற்றுள் ஒன்றையும் அவர் கூண்டில் அடைக்கவில்லை. உண்டபின் அவை பறந்துவிடும், மறுநாள் வரும். வறியவராயினும் கூண்டின்றியே கிளிகளோடு வாழ இயலும் என்பதை அவர் செயல் காட்டுகின்றது. நம் பள்ளி வளாகத்து ஓரத்தில் ஒரு பழைய மரம் நிற்குமாயின், அதனை வெட்டாது விடுதலும் கிளிக்குச் செய்யும் தொண்டேயாகும்.

நம் பள்ளிகளில் மாணவர்கள் தன்கதை எழுதுவது வழக்கம். "நான் ஒரு கிளி" என்பது ஆண்டுதோறும் கொடுக்கப்படும் தலைப்புகளுள் ஒன்று. காட்டில் பிறந்தேன், வேடனால் பிடிபட்டேன், விற்கப்பட்டேன், கூண்டில் வாடினேன் என்று மாணவர்கள் எழுதிச் செல்வர். முடிவில் நல்லவர் ஒருவர் கூண்டைத் திறந்துவிட, கிளி வானில் பறந்துவிடும். கதைக்கு அம்முடிவு அழகுதான். உண்மைக் கிளிக்கு அவ்வளவு எளிதாக வானம் திரும்பக் கிடைப்பதில்லை. அடுத்த முறை அத்தலைப்பைக் கொடுக்கும்போது, ஆசிரியர் ஒரு வினாவை மட்டும் சேர்த்துக் கொடுக்கலாம்: அக்கிளியால் இனிப் பறக்க இயலாதெனில், உன் வீட்டில் அதற்கு நீ என்ன செய்வாய்? அவ்வினாவுக்கு உண்மையான விடையை எழுதும் மாணவன், மரப்பொந்தில் கை நுழைக்கமாட்டான். கடைக்கூண்டின் முன் நின்று அடம்பிடிக்கவும் மாட்டான். தோட்டத்து லயங்களில் நம் பாட்டன் பாட்டியர்க்குத் தமிழில் ஆறுதல் சொன்ன பறவைக்கு நாம் பட்ட கடன் ஒன்று உண்டு. அதனை அடைக்கும் பொறுப்பு நம் மாணவர்களின் கைக்கு வந்துள்ளது.